அம்மம்மா வீட்டில் வளரும் பிள்ளைக்கு ஊர்ப் பணம் எந்த வழியில் போகவேண்டும்?

புதுத் தவணை தொடங்கும் காலத்தில் மட்டக்களப்பில் ஊருக்கு ஊர் இந்தக் கூட்டம் நடக்கும். கோயில் நிர்வாகம், பழைய மாணவர் சங்கம், சுவிஸிலும் கனடாவிலும் லண்டனிலும் இருக்கும் சொந்தங்கள் என்று எல்லாருமாகக் கொஞ்சப் பணம் திரட்டியிருப்பார்கள். தாய் தகப்பன் பக்கத்தில் இல்லாத பிள்ளைகளின் படிப்புக்கு அது போகவேண்டும் என்பதில் யாருக்கும் மறுப்பு இராது. எந்த வழியில் என்று கேட்டால்தான் கூட்டம் நாலாகப் பிரியும். நல்ல சிறுவர் இல்லமாகப் பார்த்துச் சேர்த்துவிடலாம் என்பார் ஒருவர். வளர்க்கிறவர் கையில் மாதாமாதம் காசாகக் கொடுப்போம் என்பார் இன்னொருவர். பை, சப்பாத்து, சைக்கிள் வாங்கிக் கொடுத்தால் கொடுத்தது கண்ணுக்குத் தெரியும் என்பார் மூன்றாமவர். பாடசாலைக்குள்ளேயே ஓர் ஏற்பாடு செய்யலாம் என்று மெதுவாகச் சொல்லுவார் அங்கே வந்திருக்கும் ஆசிரியர். அதை விரிவாகக் கேட்கத்தான் பெரும்பாலும் நேரம் மிஞ்சுவதில்லை.

நான் அந்த நாலாவது ஆளின் பக்கம். பணத்தின் பெரும்பங்கு பாடசாலைக்குள் போகவேண்டும், அடுத்த பங்கு வளர்க்கிறவர் கைக்குப் போகவேண்டும், பொருளாகக் கொடுப்பது மிகக் குறைவாக இருக்கவேண்டும், இல்லம் வேறு வழியே இல்லாத பிள்ளைக்கு மட்டும் என்பது என் முடிவு. மட்டக்களப்பு வாவியின் மேற்குப் பக்கமான படுவான்கரைப் பாடசாலைகளில் படிப்பித்த காலத்தில் பார்த்ததையும், சட்டமும் நடைமுறையும் சொல்வதையும் வைத்து அதற்கான காரணங்களை எழுதுகிறேன்.

முதலில் யார் இந்தப் பிள்ளைகள் என்பதில் தெளிவு வேண்டும். "அநாதைப் பிள்ளைகள்" என்று சொல்லித்தான் வெளியூரில் பணம் சேர்க்கிறோம். ஆனால் வகுப்பில் இருக்கிற இந்தப் பிள்ளைகளில் தாயோ தகப்பனோ உயிரோடு இருப்பவர்கள்தான் அதிகம். தாய் குவைத்திலோ சவூதியிலோ வீட்டுவேலை செய்வார். தகப்பன் வேறு குடும்பம் ஆகியிருப்பார், அல்லது குடிக்குப் போயிருப்பார், அல்லது கொழும்பில் கட்டட வேலையில் நின்று இடைக்கிடை வருவார். பிள்ளை அம்மம்மாவோடு இருக்கும். மட்டக்களப்பிலும் அம்பாறைக் கரையோரத்திலும் வீடு பெண்ணுக்குச் சீதனமாகப் போகிற வழக்கம் இருப்பதால், தாய் இல்லாத இடத்தில் பிள்ளையைத் தாய்வழிச் சொந்தம் ஏந்திக்கொள்வது இயல்பாக நடக்கிறது. அம்மம்மா, பெரியம்மா, சின்னம்மா, தாய்மாமன் என்று அந்த வரிசை. முஸ்லிம் ஊர்களிலும் இதே கதைதான், பிள்ளை உம்மம்மா வீட்டில் வளரும். எந்தத் திட்டமும் எந்தக் காசும் வருமுன்னே நம்மிடம் இருக்கிற பெரிய பலம் இது. வெளியிலிருந்து உதவிக்கு வருகிறவர்கள் முதலில் மறப்பதும் இதைத்தான்.

இரண்டாவது வகை, வீடே இல்லாமல் இடம் மாறுகிற பிள்ளைகள். நம் பகுதியில் தெருவில் படுக்கிற பிள்ளை அபூர்வம், அதனால் வீடற்ற மாணவர் என்று இங்கே யாரும் இல்லை என்று நினைத்துவிடுகிறோம். வெல்லாவெளி, வவுணதீவு, கிரான் பக்கம் இரவில் யானை வந்து வீட்டுச் சுவரை இடித்துவிட்டால் அந்தக் குடும்பம் அடுத்த நாள் யார் வீட்டுத் திண்ணைக்கோ போகிறது. மாரியில் ஆற்றுவெள்ளம் ஏறினால் வாரக்கணக்கில் வேறிடம். மீன்பிடி வாடிக்கும் சேனைக்கும் அறுவடைக்கும் தாய் தகப்பனோடு போய்வருகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். வாடகைக்கு இருந்த வீட்டை விட்டு எழும்பச் சொன்னதால் மாமி வீட்டில் ஒரு மாதம், சித்தி வீட்டில் இரண்டு மாதம் என்று அலைகிற பிள்ளைகளும் உண்டு. வரவு இடாப்பில் இவர்களின் பெயருக்கு நேரே ஒரு மாதம் முழுக்கச் சிவப்பு வட்டம், அடுத்த மாதம் வரவு, பிறகு மறுபடியும் சிவப்பு வட்டம்.

இந்த அலைச்சல் இங்கே புதிதல்ல. 2004 டிசம்பர் 26 ஆம் திகதி கடல் வந்தபோது நாவலடி, டச்பார், கல்லடி தொடங்கி அம்பாறையில் பெரியநீலாவணை, கல்முனை, சாய்ந்தமருது, திருக்கோவில் வரை பிள்ளைகள் ஒரே காலையில் பெற்றோரை இழந்தார்கள். 2006, 2007 இல் வாகரையிலிருந்தும் படுவான்கரையிலிருந்தும் குடும்பங்கள் கூட்டம் கூட்டமாக இடம்பெயர்ந்தன. 2011 தைமாத வெள்ளத்தில் பாடசாலைகளே தங்குமிடங்களாயின. இன்று பிள்ளை வளர்க்கிற தாய்மாரில் பலர் அந்தக் காலத்தின் பிள்ளைகள். தாங்கள் பாதியில் விட்ட பள்ளிக்கூடத்தைப் பற்றி அவர்களிடம் கேட்டால் நிறையச் சொல்வார்கள்.

சரி, நாலு வழியையும் எந்த அளவுகோலால் அளப்பது? இதற்கு அமெரிக்காவின் ஒரு சட்டத்தை எடுத்துப் பார்ப்பது உதவும். அங்கே வீடற்ற பிள்ளைகளின் படிப்புக்காக 1987 இல் வந்தது மெக்கின்னி-வென்டோ சட்டம். வீடு இழந்ததாலோ பண நெருக்கடியாலோ சொந்தக்காரர் வீட்டில் ஒண்டியிருக்கிற பிள்ளையையும் அந்தச் சட்டம் வீடற்ற பிள்ளையாகவே கணக்கெடுக்கிறது. அந்தப் பிள்ளை எங்கே மாறிப்போனாலும் முன்பு படித்த பாடசாலையிலேயே தொடர உரிமை உண்டு, அதற்குப் போக்குவரத்து ஏற்பாடு செய்யவேண்டும். புதுப் பாடசாலையில் சேருவதென்றால் பத்திரங்கள் கையில் இல்லாவிட்டாலும் உடனே சேர்த்துக்கொள்ளவேண்டும். ஒவ்வொரு கல்வி மாவட்டத்திலும் இந்தப் பிள்ளைகளுக்கென்று பொறுப்பான ஓர் ஆள் இருக்கவேண்டும். வளர்ப்புக் குடும்பங்களில் அரசு வைத்திருக்கும் பிள்ளைகளுக்கும் இதுபோன்ற பாதுகாப்பை 2015 இல் வந்த கல்விச் சட்டம் சேர்த்தது. அந்த நாட்டுப் பணமும் மஞ்சள் பஸ்ஸும் நம்மிடம் இல்லை. ஆனால் அதற்குள் இருக்கிற மூன்று கேள்விகள் நமக்கும் பொருந்தும். பிள்ளை அதே பாடசாலையில் நிற்குமா? தாள் இல்லை என்று படிப்பு நிற்காமல் இருக்குமா? பிள்ளை வராத நாளில் ஏன் வரவில்லை என்று கேட்க ஓர் ஆள் இருக்கிறாரா? நாலு வழியையும் நான் இந்த மூன்றால்தான் அளக்கிறேன்.

இல்லத்தில் சேர்ப்பது

நம் பகுதியில் இல்லங்களுக்கு மதிப்பான ஒரு வரலாறு உண்டு. காரைதீவில் பிறந்த சுவாமி விபுலாநந்தர் 1929 இல் கல்லடி உப்போடையில் சிவானந்த வித்தியாலயத்தைத் தொடங்கினார். அங்கே இராமகிருஷ்ண மிஷன் நடத்தும் மாணவர் இல்லத்தில் தங்கிப் படித்து மேலே வந்தவர்கள் மாவட்டம் முழுக்க இருக்கிறார்கள். போர்க்காலத்திலும் கடல்கோளுக்குப் பிறகும் தேவாலயங்களும் கோயில்களும் அமைப்புகளும் இன்னும் பல இல்லங்களைத் திறந்தன. அந்த நேரத்தில் அவை உயிர் காத்தன. இதை மதிக்காமல் இல்லங்களைப் பற்றிப் பேசக்கூடாது.

ஆனால் இன்றைய கேள்வி வேறு. வாகரையில் அம்மம்மாவோடு இருக்கிற ஒன்பது வயதுப் பிள்ளையை 60 கிலோமீற்றருக்கு அப்பால் நகரத்து இல்லத்தில் சேர்த்தால் என்ன கிடைக்கும், என்ன போகும்? மூன்று வேளைச் சாப்பாடு, படிக்க மேசை, மின்சாரம், நகரப் பாடசாலை, டியூஷன் எல்லாம் கிடைக்கும். அம்மம்மா போவார், தம்பி தங்கை போவார்கள், பழைய வகுப்பும் கூட்டாளிகளும் போவார்கள். பெண்பிள்ளைக்கு ஓர் இல்லம், ஆண்பிள்ளைக்கு வேறு இல்லம் என்பதால் கூடப்பிறந்ததுகளே பிரிந்துபோவதும் நடக்கிறது. அதே பாடசாலையில் நிற்குமா என்ற முதல் கேள்வியிலேயே இந்த வழி தோற்றுவிடுகிறது.

வறுமை ஒன்றை மட்டும் காரணமாக வைத்துப் பிள்ளையைக் குடும்பத்திலிருந்து பிரிக்கக்கூடாது என்று ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 2009 இல் ஏற்றுக்கொண்ட மாற்றுப் பராமரிப்பு வழிகாட்டிகள் சொல்கின்றன. நம் நாட்டு இல்லங்களில் இருக்கிற பிள்ளைகளில் பெரும்பாலானோருக்குத் தாயோ தகப்பனோ உயிரோடு இருக்கிறார். படிப்புக்கும் சாப்பாட்டுக்கும் வழியில்லை என்பதால் வந்தவர்கள் அவர்களில் நிறையப் பேர். அந்தப் படிப்பையும் சாப்பாட்டையும் ஊரிலேயே கொடுக்க முடியுமென்றால் பிள்ளை ஏன் இடம் மாறவேண்டும்?

அப்புறம் 18 வயதுக்குப் பிறகு என்ன என்ற கேள்வி. இல்லத்தை விட்டு வெளியே வரும்போது அந்தப் பிள்ளைக்கு ஊரில் வேர் இருக்காது. கலியாணம், சாவீடு, கோயில் சடங்கு என்று எல்லாவற்றிலும் யாருடைய பிள்ளை என்று கேட்டு வாழ்கிற சமூகம் நம்முடையது. பத்து வருடம் ஊரைப் பார்க்காத பிள்ளை திரும்பி வந்து நிற்க ஒரு முற்றம் வேண்டும்.

இல்லம் சரியான முடிவாகிற சந்தர்ப்பங்களும் உண்டு. வீட்டுக்குள்ளேயே பிள்ளைக்கு அடி, துஷ்பிரயோகம் என்றால், ஏந்திக்கொள்ள எந்தச் சொந்தமும் இல்லையென்றால், பிள்ளையின் பாதுகாப்புத்தான் முதல். அப்போதும் ஊர்ச் சங்கம் தானாகப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய் எங்கேயும் விடக்கூடாது. நன்னடத்தை உத்தியோகத்தர் வழியாக, நீதிமன்றத்தின் கட்டளையோடு நடக்கவேண்டிய வேலை அது. பிள்ளைக்கு ஆபத்து என்று தெரிந்தால் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 என்ற இலக்கத்துக்கு யாரும் அழைக்கலாம். பிரதேச செயலகத்தில் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர் இருக்கிறார், அவரிடமும் சொல்லலாம்.

ஏற்கெனவே இல்லங்களில் இருந்து உங்கள் ஊர்ப் பாடசாலைக்கு வருகிற பிள்ளைகளை மறந்துவிடாதீர்கள். "இல்லத்துப் பிள்ளைகள் எழும்புங்க" என்று வகுப்பில் எழுப்பிக் கணக்கெடுப்பதை நான் கேட்டிருக்கிறேன். அந்தப் பிள்ளைகளுக்கும் கீழே சொல்லப்போகிற பாடசாலை ஏற்பாடு அப்படியே பொருந்தும்.

வளர்க்கிறவர் கையில் காசு

இந்த வழியை நான் மதிக்கிறேன். பிள்ளையை வளர்க்கிறவரை நம்புகிற வழி இது. அம்மம்மாவுக்கு இந்தக் கிழமை அரிசி வேண்டுமா, பிள்ளைக்குக் கொப்பி வேண்டுமா என்பது அவருக்குத்தான் தெரியும். கையில் காசு இருந்தால் பிள்ளையை மற்ற வீட்டுக்குத் தள்ளவேண்டிய நெருக்கடியும் குறையும். அதனால் பிள்ளை அதே பாடசாலையில் நிற்க இது நேரடியாக உதவுகிறது.

நடைமுறையில் முதலில் இடறுவது வங்கிக் கணக்கில். கூட்டங்களில் "பிள்ளையின் பெயரிலேயே கணக்குத் திறந்து போடுவோம், அப்போதுதான் வேறு யாரும் தொடமாட்டார்கள்" என்று முடிவெடுப்பார்கள். சிறுவர் சேமிப்புக் கணக்கில் போட்ட பணத்தைப் பிள்ளைக்கு 18 வயது ஆகும்வரை சாதாரணமாக எடுக்க முடியாது. தரம் 6 இல் படிக்கிற பிள்ளைக்கு இன்றைக்குத் தேவையான கொப்பிக் காசு ஏழு வருடத்துக்குப் பூட்டப்பட்டுவிடும். எதிர்காலச் சேமிப்பு என்றால் அது நல்லது, மாதச் செலவுக்கு வளர்க்கிறவர் பெயரில்தான் கணக்கு வேண்டும்.

அடுத்தது, அரச உதவியோடு இதைப் பொருத்திப் பார்க்கவேண்டும். வறிய குடும்பங்களுக்கு அரசு காசு கொடுக்கும் அஸ்வெசும திட்டம் 2023 இல் வந்ததிலிருந்து பட்டியலில் சேராத குடும்பங்கள் மேன்முறையீடு செய்ய வாய்ப்பு இருக்கிறது. வளர்க்கிற அம்மம்மாவுக்கு அந்தப் படிவம் நிரப்பிக் கொடுப்பதே சில மாதச் சங்கக் காசுக்குச் சமமான உதவி. நன்னடத்தை மற்றும் சிறுவர் பராமரிப்புச் சேவைகள் திணைக்களத்தின் செவன சரண திட்டத்தில் நன்கொடையாளர் ஒருவர் ஒரு பிள்ளைக்கு மாதாமாதம் பணம் அனுப்ப ஏற்பாடு இருக்கிறது. வெளிநாட்டில் இருக்கிற சொந்தங்கள் தனியாளாக உதவ விரும்பினால் அதையும் விசாரிக்கலாம்.

குறை என்னவென்றால், காசு கொடுக்கிறவருக்குப் பிள்ளையின் படிப்பைப் பற்றி எதுவும் தெரியாது. பிள்ளை மூன்று கிழமையாகப் பாடசாலைக்கு வரவில்லை என்பது லண்டனில் இருக்கிறவருக்கு எப்படித் தெரியும்? அம்மம்மாவும் பயத்தில் சொல்லமாட்டார், சொன்னால் காசு நின்றுவிடுமோ என்று. சிலர் இதற்காக "வரவு 80 வீதம் இருந்தால்தான் காசு" என்று நிபந்தனை போடுகிறார்கள். எனக்கு இது பிடிக்கவில்லை. வரவு குறைகிற பிள்ளைதான் அதிக நெருக்கடியில் இருக்கிற பிள்ளை. அந்த மாதமே காசையும் நிறுத்தினால் பிள்ளையைக் செங்கல் அறுக்கிற வாடிக்கோ கடைக்கோ வேலைக்கு அனுப்புவதுதான் நடக்கும்.

கணக்கையும் பார்ப்போம். 20 பிள்ளைகளுக்கு மாதம் 5,000 ரூபாய் என்றால் வருடத்துக்கு 12 இலட்சம். ஊர்ச் சங்கம் ஒன்றுக்கு இது பெரிய தொகை. வெளிநாட்டில் ஒருவர் வேலை இழந்தால், நிர்வாகத்தில் ஒரு சண்டை வந்தால், நடுவருடத்தில் நின்றுவிடும். தொடங்கி நிறுத்துவது தொடங்காததை விட மோசம். அதனால் காசுதான் என்று முடிவெடுத்தால் பிள்ளைகளின் எண்ணிக்கையைக் குறைத்தாவது, இரண்டு வருடத்துக்குத் தேவையான தொகை கணக்கில் சேர்ந்த பிறகு தொடங்குங்கள்.

பையும் சப்பாத்தும்

இதைச் சுருக்கமாகவே சொல்லிவிடுகிறேன். பாடநூல் 1980 இலிருந்தும் சீருடைத் துணி 1993 இலிருந்தும் அரசு இலவசமாகக் கொடுக்கிறது. சப்பாத்துக்கு வவுச்சர் கொடுப்பதும் நடக்கிறது. அதற்கு மேலே நாம் கொடுக்கிற பை பயன்படும்தான், ஆனால் பிள்ளை பாடசாலையில் நிற்பதும் விலகுவதும் பையால் தீர்மானிக்கப்படுவதில்லை. மேடையில் ஏற்றிப் பிள்ளையின் கையில் பொருளைக் கொடுத்துப் படம் எடுத்து முகநூலில் போடுவதை தயவுசெய்து நிறுத்துங்கள். பெற்றோர் இல்லாத பிள்ளை என்று பெயரோடும் முகத்தோடும் உலகத்துக்குக் காட்டப்பட்ட படம் அந்தப் பிள்ளைக்கு இருபது வயதானாலும் அங்கேயே கிடக்கும்.

பொருளில் இரண்டுக்கு மட்டும் நான் விதிவிலக்குக் கொடுப்பேன். ஒன்று சைக்கிள், தரம் 6 இல் தூரப் பாடசாலைக்கு மாறுகிற பிள்ளைக்கு. இன்னொன்று இரண்டாவது சீருடை. இதை நான் வகுப்பில் பார்த்துத்தான் படித்தேன். கார்த்திகை, மார்கழி மழையில் சில பிள்ளைகள் ஒரு நாள் விட்டு ஒரு நாள் வராது. சோம்பல் என்று ஏசியிருப்பார்கள். ஓர் அம்மம்மாவிடம் விசாரித்தபோது அவர் சொன்னது: "ஒரு உடுப்புத்தானே டீச்சர் இருக்கு. ராவைக்குத் தோய்ச்சுப் போட்டா இந்த மழைக்குக் காயல்ல. மறுகா ஈர உடுப்போட அனுப்பினா நீங்களும் ஏசுவீங்க, புள்ளைக்கும் காய்ச்சல் வரும்." இரண்டாவது சீருடை தைத்துக் கொடுத்ததும் அந்தப் பிள்ளையின் மழைக்கால வரவு சீரானது. ஏன் வரவில்லை என்று கேட்க ஒருவர் இருந்ததால்தான் எந்தப் பொருள் தேவை என்பதே தெரிந்தது.

பாடசாலைக்குள் ஏற்பாடு

இதைத்தான் நான் முதலாவதாக வைக்கிறேன். கட்டடமோ கணினி அறையோ கேட்கவில்லை. பாடசாலையில் இந்தப் பிள்ளைகளுக்கென்று ஒரு பொறுப்பாசிரியர், அவர் கையில் ஒரு சிறிய அவசர நிதி, காலையில் சாப்பாடு, பின்னேரம் படிக்க ஓர் இடம். இவ்வளவுதான்.

பொறுப்பாசிரியர் என்ன செய்வார்? ஒவ்வொரு நாளும் முதலாம் பாடவேளைக்குள் வரவு இடாப்பைப் பார்ப்பார். தன் பட்டியலில் உள்ள பிள்ளை இரண்டு நாள் தொடர்ந்து வராவிட்டால் வளர்க்கிறவருக்குத் தொலைபேசி எடுப்பார், மூன்றாம் நாள் ஆள் அனுப்பிப் பார்ப்பார். தேர்ச்சி அறிக்கையில் பெற்றோர் கையொப்பம் போடுகிற இடத்தில் யார் போடவேண்டும் என்பதை வருடத் தொடக்கத்திலேயே தீர்த்து வகுப்பாசிரியருக்குச் சொல்லிவிடுவார். "அம்மாவைக் கூட்டிக்கொண்டு வா, இல்லாவிட்டால் வகுப்புக்கு வராதே" என்று ஓர் ஆசிரியர் சொன்னால், தாய் ஜோர்தானில் இருக்கிற பிள்ளை என்ன செய்யும்? அடுத்த நாள் வராது. ஆரம்பப் பிரிவில் "எனது தாய்" என்று கட்டுரை எழுதச் சொல்லும்போது "என்னை வளர்ப்பவர்" என்றும் எழுதலாம் என்று சேர்த்துச் சொல்ல வைப்பார். சின்ன விசயம்தான், பேனையை வைத்துவிட்டு மேசையில் தலை சாய்த்துக்கொள்கிற பிள்ளைக்கு அது சின்னதல்ல.

பத்திரங்கள் அடுத்த வேலை. இடம் மாறுகிற குடும்பத்தில் முதலில் தொலைவது பிறப்புச் சான்றிதழ். வெள்ளத்தில் போயிருக்கும், தகப்பன் வீட்டில் கிடக்கும், சில பிள்ளைக்குப் பதிவே நடந்திருக்காது. சாதாரண தரப் பரீட்சை நெருங்கி அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்கிற நேரத்தில்தான் இது தெரியவந்து பிள்ளையும் அம்மம்மாவும் அலுவலகம் அலுவலகமாக ஓடுவார்கள். பொறுப்பாசிரியர் இதைத் தரம் 6 இலேயே பார்த்து, பிரதேச செயலகத்தில் பிரதி எடுக்கவோ காலங்கடந்த பதிவு செய்யவோ வழிசெய்து, பிரதியொன்றைப் பாடசாலைக் கோப்பில் வைத்துவிடுவார். பாடசாலை மாறவேண்டி வந்தால் விடுகைப் பத்திரமும் அந்தக் கோப்பும் பிள்ளைக்கு முன்னே புதுப் பாடசாலைக்குப் போய்ச் சேரவேண்டும். 16 வயதுவரை கல்வி கட்டாயம் என்று 2016 முதல் விதி இருக்கிற நாட்டில் ஒரு தாள் இல்லை என்று பிள்ளையை வாசலில் நிறுத்திவைப்பதற்கு நியாயமில்லை.

அவசர நிதி ஏன் என்றால், பிள்ளை பாடசாலையை விட்டு விலகுவது பெரும்பாலும் சின்னத் தொகையில்தான் தொடங்குகிறது. மண்டூர்ப் பக்கத்துப் பிள்ளை தற்காலிகமாக வாவியின் கிழக்குப் பக்கமான எழுவான்கரையில் மாமி வீட்டில் இருக்கவேண்டி வந்தால், குருமண்வெளித் துறையால் பாதை என்கிற மிதவையில் ஏறித் தினமும் பழைய பாடசாலைக்கு வந்துபோக முடியும். பஸ் காசும் துறையடிக்குக் கூட்டிவர ஓர் ஆளும் இருந்தால் போதும். அந்தக் காசு இல்லாததால் வருடத்தின் நடுவில் புதுப் பாடசாலை, புது ஆசிரியர், விட்டுப்போன பாடம் என்று தொடங்கிப் பிள்ளை பின்னுக்குப் போய்விடும். இலங்கைப் போக்குவரத்துச் சபையின் மாணவர் பருவச் சீட்டு எடுத்துக் கொடுத்தால் செலவு இன்னும் குறையும். கிரான் புலிபாய்ந்தகல் வீதி வருடாவருடம் வெள்ளத்தில் மூழ்குகிறது, படகில்தான் போக்குவரத்து. அந்தக் கிழமைகளில் இந்தப் பக்கம் ஒரு சொந்தக்காரர் வீட்டில் தங்கிப் படிக்க ஒரு பிள்ளைக்கு அரிசியும் பருப்பும் கொடுத்தால், ஒரு தவணைப் பரீட்சை தப்பும்.

காலைச் சாப்பாடு பற்றி ஒரு குறிப்பு. ஆரம்பப் பிரிவுக்கு அரசின் உணவுத் திட்டம் இருக்கிறது. பெரிய வகுப்புப் பிள்ளைகளுக்குத்தான் இடைவெளி. அதை இந்தப் பிள்ளைகளுக்கு மட்டும் தனியாகக் கொடுத்தால் மற்றப் பிள்ளைகள் முன் அவமானம். காலை கஞ்சி என்றால் வருகிற எல்லாருக்கும் கஞ்சி. ஊர்த் தாய்மார் முறைவைத்துக் காய்ச்சினால் இது பெரிய செலவும் இல்லை, கோயில்களில் நாம் பழகிய வேலைதான்.

இந்த வழியின் பலவீனங்களையும் சொல்லவேண்டும், நான் ஆசிரியர் என்பதால் மறைக்கக்கூடாது. பொறுப்பாசிரியருக்கு இடமாற்றம் வரும். படுவான்கரைக்கு நியமனம் பெறுகிறவர்கள் நகரத்துக்கு மாற்றம் கேட்பது தெரிந்த கதை. புது அதிபர் வந்து இதெல்லாம் தேவையில்லை என்று சொல்லலாம். காலஅட்டவணையில் நேரம் ஒதுக்காவிட்டால் நல்ல ஆசிரியரும் களைத்துப்போவார். பட்டியல் வெளியே கசிந்தால் பிள்ளைகளுக்கு முத்திரை விழும். பாடசாலைக்குள் வருகிற பணம் அபிவிருத்திச் சங்கத்தின் கணக்கில் கலந்தால் வருட முடிவில் அது வேலிக்கம்பியாகவோ விளையாட்டுப் போட்டிப் பந்தலாகவோ மாறியிருக்கும்.

இவற்றுக்கு வழி இருக்கிறது. பொறுப்பாசிரியர் ஒருவரோடு ஓர் உதவி ஆசிரியரையும் ஆரம்பத்திலேயே சேர்த்து நியமித்தால் ஒருவர் போனாலும் கோப்பைத் தெரிந்தவர் இருப்பார். வாரத்தில் சில பாடவேளைகளை இதற்கென்று விடுவிக்க அதிபரிடம் எழுத்தில் கேட்கவேண்டும். ஆலோசனை வழிகாட்டல் ஆசிரியர் இருக்கிற பாடசாலையில் அவரே பொருத்தமானவர், இல்லாத சின்னப் பாடசாலையில் ஊரைத் தெரிந்த, ஊரிலேயே இருக்கிற ஆசிரியரைப் பாருங்கள். கட்டாயக் கல்விக்காக 1997 இல் வந்த ஒழுங்குவிதிகள் பாடசாலை வரவுக் குழுக்களை அமைக்கச் சொல்கின்றன. உங்கள் கிராமத்தில் அது பெயருக்குத்தான் இருக்கிறதென்றால் கிராம உத்தியோகத்தரையும் பொறுப்பாசிரியரையும் ஒரே மேசையில் உட்கார வைத்து அதை உயிர்ப்பியுங்கள். பணத்துக்குத் தனிக் கணக்கு, தனிப் பதிவேடு. பிள்ளையின் பெயருக்குப் பதில் இலக்கம் போட்டே வெளிநாட்டுக்கு அறிக்கை அனுப்புங்கள்.

பணத்தை எப்படிப் பிரிப்பது

என்னிடம் கேட்டால், திரட்டிய தொகையில் பாதியைப் பாடசாலை ஏற்பாட்டுக்கு ஒதுக்குவேன். மூன்றில் ஒரு பங்குக்குக் கிட்டவாக மிக நெருக்கடியில் இருக்கிற சில வீடுகளுக்கு மாதக் காசு, அந்த வீடுகளைப் பொறுப்பாசிரியரின் சொல்லைக் கேட்டுத் தெரிவுசெய்வேன். மிச்சம் மாரிகாலத்துக்கும் இரண்டாவது சீருடைக்கும். இல்லங்களுக்குச் சங்கப் பணம் கொடுப்பதென்றால் புதிதாகப் பிள்ளை சேர்க்க வேண்டாம், அங்கே இருக்கிற நம் ஊர்ப் பிள்ளை விடுமுறைக்கு வீடு வந்துபோகிற செலவுக்குக் கொடுங்கள்.

இதை எல்லா ஊருக்கும் ஒரேயடியாகச் சொல்லமாட்டேன். பாடசாலை பெரியது, நகரத்தில் இருக்கிறது, ஆசிரியர்கள் போதிய அளவு இருக்கிறார்கள், ஆனால் பிள்ளைகளின் வீட்டில் அடுப்பு எரிவதே கஷ்டம் என்றால் மாதக் காசின் பங்கைக் கூட்டுங்கள். அதிபர் ஒத்துழைக்கமாட்டார் என்று உறுதியாகத் தெரிந்தால் பாடசாலைக்கு வெளியே, வாசிகசாலையிலோ அறநெறிப் பாடசாலை மண்டபத்திலோ பின்னேர வகுப்பை வைத்து, ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரைப் பொறுப்பாளராக்குங்கள். வரவைப் பார்க்க வகுப்பாசிரியர்களோடு நல்ல உறவு வைத்திருந்தால் அதுவும் வேலை செய்யும்.

வளர்க்கிற சொந்தக்காரரின் சட்ட நிலையையும் கவனியுங்கள். கடல்கோளுக்குப் பிறகு 2005 ஆம் ஆண்டின் 16 ஆம் இலக்கச் சட்டம் பெற்றோரை இழந்த பிள்ளைகளின் பொறுப்பைப் பற்றித் தனியாகவே விதித்தது. மற்றப் பிள்ளைகளுக்கு 1939 ஆம் ஆண்டின் சிறுவர் மற்றும் இளம் ஆட்கள் கட்டளைச் சட்டத்தின் கீழ் நீதிமன்றம் சொந்தக்காரரையோ தகுதியான வேறு ஒருவரையோ பிள்ளைக்குப் பொறுப்பாக்க முடியும். தாய் வெளிநாட்டில், தகப்பன் எங்கே என்றே தெரியாது, ஆஸ்பத்திரியிலும் பாடசாலையிலும் கையொப்பம் போட யாருமில்லை என்கிற பிள்ளைக்கு இந்தக் கட்டளை பெரிய உதவி. அம்மம்மாவை நன்னடத்தை உத்தியோகத்தரிடம் கூட்டிக்கொண்டு போவதற்கு ஒரு நாள் வேலையை விட்டு வர ஒருவர் வேண்டும், போக்குவரத்துச் செலவு வேண்டும். சங்கம் இதையும் தன் வேலையாக எடுக்கலாம்.

அடுத்த கூட்டத்துக்கு அதிபரையும், ஏற்கெனவே பேரப்பிள்ளை வளர்க்கிற இரண்டு மூன்று அம்மம்மாமாரையும் கூப்பிடுங்கள். அதிபரிடம் மூன்றே விசயம் கேளுங்கள்: யார் பொறுப்பாசிரியர், அவருக்கு எந்தப் பாடவேளைகள் ஒதுக்கப்படும், கோப்பு எந்த அலுமாரியில் பூட்டி வைக்கப்படும். அம்மம்மாமாரிடம் எதையும் கேட்கமுன் தேத்தண்ணி கொடுத்து உட்கார வையுங்கள், அவர்களுக்கு முன்னால் பிள்ளைகளின் பெயர்ப் பட்டியலை வாசிக்கவேண்டாம். ஐப்பசி முடிவதற்குள் பொறுப்பாசிரியரும் அவசர நிதியும் தயாராகிவிட்டால், மாரி வெள்ளம் வரும்போது எந்தப் பிள்ளை எந்த வீட்டில் நிற்கிறது என்று பாடசாலைக்குத் தெரிந்திருக்கும்.